ஒரு மேட்ச்கூடத் தோற்காத யுசிஎஃப், ஆனால் 2017 சாம்பியன் அலபாமாவா?

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ். படிக்க ஆர்லாண்டோ வந்திருக்கிறேன், சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். இங்கே எல்லாரும் யுசிஎஃப் என்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் ‘2017 தேசிய சாம்பியன்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் அந்த வருஷம் ஜெயித்தது அலபாமா பல்கலைக்கழகம் என்று வருகிறது. ரூம்மேட்டிடம் கேட்டால் சிரிக்கிறானே தவிர பதில் சொல்வதில்லை. கிரிக்கெட் மட்டும் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

கிழக்கு_ஸ்டாண்ட்:
தம்பி, அந்த சீசனில் நான் அங்கேதான் மாணவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2015-இல் யுசிஎஃப் ஆடிய 12 மேட்சிலும் தோல்வி. அப்புறம் ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக வந்தார். 2016-இல் 6 வெற்றி, 7 தோல்வி. 2017-இல் 13-0, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை. நடுவில் இர்மா புயல் வந்து ஜார்ஜியா டெக் அணியுடன் இருந்த மேட்சே ரத்தானது.

அந்த சீசனில் ஒரே ஒரு மேட்ச் பார்க்க விட்டால் எதைப் பார்ப்பாய் என்றால், நான் நவம்பர் 24 என்பேன். தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், பக்கத்து ஊர் டாம்பாவின் சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோடு. நம் ஸ்டாண்டுக்கு அடியில் இரும்பும் அலுமினியமும்தான். மாணவர்கள் சேர்ந்து குதித்தால் மொத்த வரிசையும் ஆடும், கையில் இருக்கிற கோக் தளும்பிச் சட்டையில் கொட்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் அவர்கள் 83 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணிப் பக்கத்து எண்ட் ஸோன் என்ற கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோவது) அடித்து 42-42 ஆக்கிவிட்டார்கள். ஸ்டாண்டில் மூச்சுப் பேச்சில்லை. அடுத்த கிக்-ஆஃபில் அவர்கள் உதைத்த பந்தைப் பிடித்த நம் மைக் ஹியூஸ் 95 யார்டு ஓடி நேராக எண்ட் ஸோனில் போய் நின்றான். 49-42. எனக்குப் பக்கத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் வலிக்கிறது.

அடுத்து மெம்ஃபிஸுடன் கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் லீக்) ஃபைனல், இரண்டு ஓவர்டைம் போய் 62-55. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃபுக்கு அப்போது நாலே அணிதான், அதையும் ஒரு கமிட்டி உட்கார்ந்து தீர்மானிக்கும். பாயின்ட்ஸ் டேபிள் கிடையாது. கமிட்டி நம்மை 12-ஆம் இடத்தில் வைத்தது. சொந்த கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கே போகாத அலபாமாவுக்கு நாலாவது இடம்.

கடுப்பு எங்கே என்றால், அந்த அலபாமாவையும், அவர்களோடு ஃபைனல் ஆடிய ஜார்ஜியாவையும் அதே சீசனில் ஆபர்ன் என்ற அணி தோற்கடித்திருந்தது. அந்த ஆபர்னை ஜனவரி 1 பீச் பௌல் என்ற சீசன் முடிவுப் போட்டியில் நாம் 34-27 என்று ஜெயித்தோம். பிறகு பல்கலைக்கழகமே ‘நாங்கள்தான் சாம்பியன்’ என்று அறிவித்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலமும் விட்டது.

அட்லாண்டா_மாமா:
ஊர்வலம் விட்டால் ஆயிற்றா? சொந்த வீட்டு அபிமானத்தில் பேசுகிறீர்கள். யுசிஎஃப் ஆடிய கான்ஃபரன்ஸைப் பாருங்கள். அலபாமா ஒவ்வொரு வாரமும் மோதுகிற ஆட்களோடு இவர்கள் மூன்று வாரம் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும். ஆபர்னும் பீச் பௌலை உயிரைக் கொடுத்து ஆடவில்லை என்பது என் எண்ணம்.

கிழக்கு_ஸ்டாண்ட்:
மாமா, ஆடவே கூப்பிடாமல் ‘ஆடியிருந்தால்’ என்றால் எப்படி? பெரிய கான்ஃபரன்ஸில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டு ‘எங்கள் மேட்ச்தான் கஷ்டம்’ என்பார்கள். வெளியே இருப்பவன் எத்தனை ஜெயித்தாலும் அதை நிரூபிக்க வழியே இல்லை. ஆபர்ன் அரைமனதாக ஆடியது என்கிறீர்களே, நம் ஷக்கீம் கிரிஃபினைக் கவனித்தீர்களா? நாலு வயதில் இடது கையை இழந்தவர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை விரட்டி விரட்டிப் பிடித்து, அன்றைக்குச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.

தம்பிக்கு ஒரு விஷயம்: இந்த உச்சப் பிரிவில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ தானாக சாம்பியன் பட்டம் கொடுப்பதில்லை. பல தரவரிசைகளை அதன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளும். அதில் கோலி மேட்ரிக்ஸ் என்கிற கணினிக் கணக்கு 2017-இல் யுசிஎஃபை முதலிடத்தில் வைத்தது. மைதானத்தில் எழுதியதற்கு அதுதான் பிடிமானம். பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் ஏபி வாக்கெடுப்பில் ஆறாவது இடம், ஆனாலும் நாலு பேர் நமக்கு முதல் ஓட்டுப் போட்டார்கள்.

புதுசா_வந்தவன்:
நன்றி அண்ணா. இன்றைக்கு 13-0 எடுத்தால் உள்ளே விடுவார்களா?

கிழக்கு_ஸ்டாண்ட்:
விடுவார்கள். 2024-இலிருந்து பிளேஆஃபில் 12 அணி. முதல் வருஷமே சின்ன கான்ஃபரன்ஸைச் சேர்ந்த பாய்ஸி ஸ்டேட் உள்ளே போனது. நாம்தான் 2023-இல் பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்கு மாறி அடி வாங்கிக்கொண்டிருக்கிறோம், 2024-இல் 4 வெற்றி, 8 தோல்வி. ஃப்ராஸ்ட் 2017 முடிந்ததும் நெப்ராஸ்காவுக்குப் போனார், அங்கே சரிப்படவில்லை, 2022-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது மறுபடி ஆர்லாண்டோவுக்கே வந்திருக்கிறார். மாணவர் டிக்கெட் இலவசம்தான், ரூம்மேட்டையும் இழுத்துக்கொண்டு போ.