ஃப்ளாஷ் ரசிகர்களே, ஒரு சந்தேகம்

2014இல் தொடங்கிய 'தி ஃப்ளாஷ்' சூப்பர்ஹீரோ டிவி தொடரை இப்போதுதான் பார்க்கிறேன். லேட்தான், கிண்டல் வேண்டாம். முதல் சீசன் கடைசியில், அம்மாவைக் காப்பாற்றாமல் ஹீரோ பாரி கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பானே, அங்கே அழுதே விட்டேன்.

சிக்கல் ஆறாவது சீசனில். ஒன்பதாவது எபிசோடைப் போட்டால் கதை நடுவிலிருந்து ஓடுகிறது. தேடினால், அது 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற ஐந்து பாகக் கதையில் மூன்றாவதாம்! மற்ற பாகங்கள் வேறு தொடர்களில்: முன்னால் சூப்பர்கேர்ள், பேட்வுமன்; அப்புறம் ஆரோ, லெஜண்ட்ஸ்.

அந்த நாலு எபிசோடை மட்டும் பார்த்தால் புரியுமா? இல்லை, ஆரோ எட்டு சீசனையும் முடித்துவிட்டு வரணுமா? ஆரோவின் ஹீரோ ஆலிவரை ஃப்ளாஷில் வந்துபோன அளவுக்குத்தான் தெரியும். பார்த்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து யார் சாகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.