புதுப்பிப்பு: வெளியேறும்போது கட்டளை ஓடாத காரணம் பிடிபட்டது

கிளிநொச்சியில் எங்கள் படிப்பகக் கணினியை விட்டு வெளியேறும்போது, பிள்ளைகளின் கோப்புகள் பென்டிரைவுக்குப் படியாக வேண்டும். படியெடுக்கும் கட்டளையை பாஷின் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரல்) பாஷ்_லாக்அவுட் (.bash_logout) கோப்பில் எழுதியும் ஏன் ஓடவில்லை என்று போன கிழமை கேட்டிருந்தேன்.

இப்போது சரி. லாகின் ஷெல் (பயனர் உள்நுழையும்போது தொடங்கும் ஷெல்) முடியும்போது மட்டும்தான் பாஷ் அந்தக் கோப்பை வாசிக்கும். டெஸ்க்டாப்பில் திறக்கும் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஓடுவது பெரும்பாலும் லாகின் ஷெல் இல்லை; அது தொடங்கும்போது பார்ப்பது பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பை. அதனால் அதற்குள் ட்ராப் (trap) கட்டளையை எக்ஸிட்டுடன் (EXIT) சேர்த்துப் போட்டேன் (ஷெல் முடியும்போது இந்த வேலையைச் செய் என்று சொல்வது அது), உடனே ஓடியது.

ஆனால் கரண்ட் திடீரென்று நின்றால் இரண்டுமே ஓடாது. பிள்ளைகள் இரவிரவாக எழுதியது போகக்கூடாதே! ஆகவே அரை மணிக்கொருமுறை படியெடுக்க கிரானிலும் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) போட்டுவிட்டேன்.

இன்னொன்று: லாகின் ஷெல் தொடங்கும்போது, பாஷ்_புரொஃபைல் (.bash_profile) கோப்பு இருந்தால் புரொஃபைல் (.profile) கோப்பை பாஷ் வாசிக்காது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.