ஓடும் லாரியை வீட்டில் இருந்தே நிறுத்தலாமா?

சங்ககிரி லாரிக்காரன்:
எங்கள் லாரி உரிமையாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டது இது: "ஜிபிஎஸ்ஸோடு, இன்ஜினை நிறுத்தும் மின் சுவிட்ச்சான இன்ஜின் கட் ரிலேவும் வைத்துவிட்டால் போதும். லாரி போபாலில் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே நிறுத்திவிடலாம். திருட்டுப் பயமே கிடையாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இவர் முழு லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கியிருக்கிறாரா? பிரேக்குக்குக் காற்றை அடைக்கும் ஏர் கம்ப்ரசரை ஓட்டுவது இன்ஜின்தான். பவர் ஸ்டீயரிங்குக்கும் இன்ஜின்தான் வேண்டும். இறக்கத்தில் அது நின்றால் டேங்கில் இருக்கிற காற்று சில மிதிக்குத்தான் வரும். அழுத்தம் இறங்கினால் பின் சக்கரத்தில் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பாரத்தோடு வளைவில் அப்படிப் பிடித்தால் வண்டி எங்கே போகும்? ஓட்டுநர் உயிருக்குப் பட்டனை அழுத்தியவர் பதில் சொல்வாரா?

ஈரோடு எலக்ட்ரீசியன்:
அண்ணா, தெரியாமல் பீதியைக் கிளப்ப வேண்டாம். நல்ல கருவியில் போனில் இருந்து கட்டளை போன உடனேயே ரிலே வேலை செய்துவிடாது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே வர வேண்டும், ஜிபிஎஸ் சிக்னலும் இருக்க வேண்டும். ஜிடி06என் மாதிரிக் கருவிகளில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 20 கிலோமீட்டரில் எந்த லாரியும் கவிழாது.

சங்ககிரி லாரிக்காரன்:
"நல்ல கருவியில்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மலிவாகக் கிடைக்கிற கோபன் வகைக் கருவியில் குயிக்ஸ்டாப் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வேகத்தைப் பார்க்காமல் அந்த நொடியே நிறுத்தும். இது உங்களுக்குத் தெரியாதா, இல்லை விற்பனைக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறீர்களா?

திருச்செங்கோடு ரிக்:
எங்கள் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியே கிடக்கின்றன. வண்டியை எவனாவது ஓட்டிக்கொண்டு போனால் நாங்கள் என்ன செய்வது? சங்ககிரிக்காரர்களுக்கு எப்போதும் புதுசு என்றாலே பயம். ஜிபிஎஸ்ஸை அரசாங்கமே கட்டாயம் ஆக்கிவிட்டது. இன்னும் என்ன விவாதம்?

கோவை கணினிக்காரன்:
அரசு கேட்டது வேறு, சார். ஏஐஎஸ் 140 தரம் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கானது. வண்டி இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவியும் அவசரப் பட்டனும்தான் கட்டாயம். இன்ஜினை நிறுத்தும் ரிலே அதில் கட்டாயம் இல்லை.
நீங்கள் யாருமே பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது. 2022 ஜூலையில் மைகோடஸ் எம்வி720 என்ற கருவியில் ஆறு பாதுகாப்பு ஓட்டைகளைப் பிட்சைட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எச்சரிக்கை விட்டது. எரிபொருளை நிறுத்தும் வசதி உள்ள கருவி அது. தயாரிப்பாளரே உள்ளே ஒரு பொதுக் கடவுச்சொல்லைப் பதித்து வைத்திருந்தார். 2019இல் வண்டிகளைக் கண்காணிக்கும் ஐட்ராக், புரோட்ராக் செயலிகளில் ஒருவர் ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குள் போனார். கடவுச்சொல் என்ன தெரியுமா? 123456. அந்த வண்டிகளில் இந்திய வண்டிகளும் உண்டு. திருடனைத் தடுக்க வைத்த பட்டன் திருடன் கைக்கே போகிறது.

ஈரோடு எலக்ட்ரீசியன்:
நீங்கள் சொன்ன 2019 ஆசாமியே என்ன சொன்னார் என்று முழுதாகப் படியுங்கள். நின்றுகொண்டிருக்கிற வண்டி, அல்லது மணிக்கு 12 மைலுக்குள் போகிற வண்டி, இவற்றைத்தான் அவரால் நிறுத்த முடியும் என்றார். 12 மைல் என்றால் எத்தனை? சுமார் 20 கிலோமீட்டர்! ஊரை அடித்து உலையில் போடுகிற ஹேக்கரே ஒப்புக்கொண்டதைச் சங்ககிரி அண்ணன் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

நாமக்கல் பழைய டிரைவர்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். எந்த ஒயரை வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? ஸ்டார்ட்டர் ஒயரா, சாவி லைனா, டீசல் பம்ப் லைனா? ஸ்டார்ட்டரில் ரிலே வைத்தால் ஓடுகிற வண்டிக்கு ஒன்றும் ஆகாது. நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது, அவ்வளவுதான். பழைய மெக்கானிக்கல் பம்ப் லாரியை ஸ்டாப் கேபிளை இழுத்துத்தான் நிறுத்துவோம். அதில் சாவி லைனை வெட்டினாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடும்.

சங்ககிரி லாரிக்காரன்:
ஒயர் கதை இருக்கட்டும். எலக்ட்ரீசியன் தம்பி, உங்கள் 20 கிலோமீட்டர் கணக்கு பேப்பரில்தான் இருக்கிறது. என் லாரி நாக்பூர் பக்கம் நடுரோட்டில் நின்றது. யாரும் எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை. மாட்டிக்கொடுத்த ஆள், ரிலேக்குக் கரண்ட் இருந்தால்தான் இணைப்புத் தரும் 87ஆம் முனையில் இணைத்திருந்தான். கருவி செத்தது, வண்டியும் செத்தது. டிரைவர் ராத்திரி முழுக்க லோடுக்குக் காவல் இருந்தார்.

ஈரோடு எலக்ட்ரீசியன்:
87ஏ முனையில் கொடுத்திருக்க வேண்டும். அப்போது ரிலேக்குக் கரண்ட் கொடுத்தால்தான் கட் ஆகும், கருவி செத்தாலும் வண்டி ஓடும். பத்தாயிரம் மிச்சம் பிடிக்கத் தெருமுனையில் மாட்டிவிட்டு இங்கே வந்து தொழில் தெரிந்தவனைத் திட்டுவீர்களா? அப்புறம், அது பழுது. நான் பேசுவது கட்டளையைப் பற்றி. கட்டளை 20 கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யாது.

லாரி டிரைவர் மகன்:
முதலாளிகளும் எலக்ட்ரீசியனும் மட்டுமே பேசுகிறீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரை யார் கேட்டீர்கள்? என் அப்பா தக்காளி லோடோடு போனபோது வண்டியைக் கட் செய்தார்கள். திருட்டு இல்லை, ஒரு தவணை தாமதம். ஃபைனான்ஸ்காரர் கையில்தான் பட்டன் இருந்தது. தக்காளி அழுகியது, அந்த நஷ்டமும் அப்பாவின் கூலியில் கழிந்தது. அடியாட்களை அனுப்பி வண்டியைப் பிடுங்குவதை 2007லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இப்போது அடியாள் வேலையை ரிலே பார்க்கிறது. இதுதான் பாதுகாப்பா?

திருச்செங்கோடு ரிக்:
தவணை கட்டாவிட்டால் வேறு என்ன செய்வார்கள்? கடன் கொடுத்தவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

லாரி டிரைவர் மகன்:
வண்டி அப்பாவுடையது இல்லை, ஐயா. கடன் முதலாளியுடையது. நடுரோட்டில் நின்றது மட்டும் அப்பா. வாடகை பாக்கி வைக்கிற ரிக் முதலாளிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

திருச்செங்கோடு ரிக்:
யாரைச் சொல்கிறாய்? பெயர் சொல்லிப் பேசு. திருச்செங்கோட்டைப் பற்றி எழுத உனக்கு வயது போதாது.

கோவை கணினிக்காரன்:
திருடனுக்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை. போன், ஜிபிஎஸ் சிக்னலை முடக்கும் ஜாமர் வைத்தால் கருவிக்கு எந்தக் கட்டளையும் வந்து சேராது. இல்லாவிட்டால் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ரிலேயைப் பிடுங்கி எறிவான். எங்கே மாட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஈரோடு எலக்ட்ரீசியன்:
நான் மாட்டினால் தெரியாது. அதோடு ஜாமர் வைத்தால் ஜிபிஎஸ் சிக்னல் இருக்காது. சிக்னல் இல்லை என்றால் 20 கிலோமீட்டர் விதிப்படி கட் ஆகவே ஆகாது. ஆபத்து எங்கே இருக்கிறது?

கோவை கணினிக்காரன்:
அதைத்தான் சார் நானும் சொல்கிறேன். திருட்டு நடக்கும்போது கட் ஆகாது. அப்புறம் எதற்கு மாட்டுவது?

ஈரோடு எலக்ட்ரீசியன்:
வார்த்தையைத் திருப்பாதீர்கள். கேள்வி ஓடும் வண்டி கவிழுமா என்பது. கவிழாது.

நாமக்கல் பழைய டிரைவர்:
ஸ்டார்ட்டரா, பம்ப்பா? யாராவது பதில் சொல்லுங்களப்பா.

சங்ககிரி லாரிக்காரன்:
கவிழாது என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பீர்களா? நீங்கள் மாட்டுகிற ஒவ்வொரு லாரிக்கும்?

ஈரோடு எலக்ட்ரீசியன்:
கொடுக்கிறேன். முதலில் உங்கள் லாரியில் இருந்த கருவியின் மாடலையும் பில்லையும் இங்கே போடுங்கள்.

சங்ககிரி லாரிக்காரன்:
பில் எதற்கு? விலையைப் பார்த்து மறுபடி என்னைக் கஞ்சன் என்று சொல்லவா? நீங்கள் முதலில் பேப்பரில் எழுதிப் போடுங்கள், 20 என்ற எண்ணோடு.

ஈரோடு எலக்ட்ரீசியன்:
பில் வரட்டும், எழுதுகிறேன்.