மூன்று பிள்ளைகள், 6,000 ரூபாய்: கிறிஸ்துமஸ் பரிசை எப்படிப் பங்கிடுவது?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பெரியவளுக்கு 14 வயது, அடுத்தவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. புதுத்துணி, கேக், பலகாரம், ஆலயக் காணிக்கை எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்தது போக, பரிசுகளுக்கென்று 6,000 ரூபாய் இருக்கிறது. கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடக் கூடாது என்பதில் நானும் கணவரும் உறுதியாக இருக்கிறோம்.

தலைக்கு 2,000 என்று பிரித்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் கடைக்குட்டிக்கு 500 ரூபாய்க்கு ஒரு பொம்மை வண்டி போதும், தரையில் கால் பாவாது. பெரியவள் கேட்பதோ சைக்கிள். முழுப் பணத்தையும் அதற்கே கொடுத்தாலும் நல்லதாக வாங்க முடியுமா என்பது சந்தேகம். பகட்டுக்காக அவள் கேட்கவில்லை; டியூஷன் முடிந்து இருட்டில் நடந்து வருகிறாள். அரசு உதவி பெறும் பள்ளிதான், பிளஸ் ஒன் போனால் விலையில்லா சைக்கிள் கிடைக்கும். இப்போது ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள். அதுவரை காத்திருக்கச் சொல்லலாமா?

நடுவில் உள்ளவனை நினைத்தால்தான் மனம் கேட்கவில்லை. வாய் திறந்து எதையும் கேட்க மாட்டான். ஆனால் யாருக்கு எவ்வளவு செலவானது என்று புரிந்துகொள்ளும் வயது வந்துவிட்டது.

துபாயில் இருக்கும் என் அண்ணன் வழக்கமாகப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அனுப்புவார். இந்த முறை பணமாகத் தந்தால் சைக்கிளுக்குச் சேர்த்துக்கொள்வோம் என்று அவரிடம் கேட்பது முறையா? பிள்ளைகளிடம் தொகையை வெளிப்படையாகச் சொல்லிவிடலாமா? உங்கள் வீடுகளில் சம பங்கா, தேவைக்கேற்ற பங்கா? அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.