பெர்சியஸ் கொத்தின் வாயு ஏன் ஆறிப்போகவில்லை?

நெடுவானம்:
விண்மீன்திரள்கள் கூட்டமாகச் சேர்ந்த பெர்சியஸ் கொத்து நம்மிடமிருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் விண்மீன்திரள்களுக்கு இடையே நிறைந்திருக்கும் வாயு, பல கோடி பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிர்களை உமிழ்ந்து ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நடுப்பகுதி நூறு கோடி ஆண்டுகளுக்குள் ஆறி, மையத்திலுள்ள என்ஜிசி 1275 திரளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரியன்களுக்கு ஈடான விண்மீன்கள் பிறந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதைத் தடுப்பது அத்திரளின் கருந்துளைதான் என்பது என் உறுதியான கருத்து. சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில், கருந்துளையருகிலிருந்து சீறிப் பாயும் தாரைகள் வாயுவை விலக்கி ஊதிய குமிழிகள் மையத்தின் இருபுறமும் இருண்டு தெரிகின்றன. அவற்றை ஊதச் செலவான ஆற்றல், வாயு இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டப் போதுமானது.

கயல்:
வரவும் செலவும் ஒத்துவருகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பில் தீ எரிகிறது என்பதாலேயே அண்டாவின் விளிம்புவரை தண்ணீர் கொதித்துவிட்டது என்று சொல்ல முடியாது. குமிழிகளின் வெப்பம் எல்லாத் திசைகளுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? வாயுவின் கொந்தளிப்பு, அதாவது ஒழுங்கற்ற சுழலோட்டம், கொண்டுசெல்கிறது என்றார்கள் சில ஆய்வாளர்கள். ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், 2016இல் ஏவப்பட்ட சில வாரங்களிலேயே செயலிழப்பதற்கு முன், அக்கொந்தளிப்பின் வேகத்தை நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் என்று அளந்தது. இவ்வளவு மெதுவாக நகரும் ஆற்றல், வாயு ஆறுவதற்குள் நடுப்பகுதி முழுவதையும் எட்டாது.

நெடுவானம்:
அந்த அளவீடு கொந்தளிப்பை மட்டுமே பலவீனப்படுத்துகிறது. 2003இல் அறிவிக்கப்பட்ட அலைகளை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. குளத்தில் கல் விழுந்ததுபோல் குமிழிகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பரவும் அவை ஒலி அலைகள். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 35,000 ஒளியாண்டு. அந்த வாயுவில் ஒலி நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் செல்வதால், நீங்கள் சொன்ன தடை அதற்கு இல்லை.

கயல்:
ஒலி சென்றடைவது வேறு, அங்கே வெப்பமாக மாறுவது வேறு. அம்மாற்றம் வாயுவின் பாகுத்தன்மையை, அதாவது அதன் ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வைப் பொறுத்தது. காந்தப்புலம் ஊடுருவிய இவ்வளவு மெல்லிய வாயுவில் அது எவ்வளவு என்று யாரும் நேரடியாக அளந்ததில்லை. மேலும், வெப்பம் எங்கும் சமமாகச் சேரவில்லை என்பதற்கு, என்ஜிசி 1275ஐச் சுற்றி ஆறிய வாயு இழை இழையாகத் தொங்குவதை ஹப்பிள் படத்தில் பாருங்கள். சுமார் 200 ஒளியாண்டுத் தடிமனே உள்ள சில இழைகள் 20,000 ஒளியாண்டு நீளம்வரை அறுபடாமல் நிற்கின்றன. ஃபீனிக்ஸ் என்ற மற்றொரு விண்மீன்திரள் கொத்தில் நிலைமை இன்னும் வெளிப்படை: அங்கும் கருந்துளை குமிழிகளை ஊதுகிறது, ஆயினும் மையத்திரளில் ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களின் நிறையளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன.

நெடுவானம்:
ஃபீனிக்ஸில்கூட, ஆற வேண்டிய வாயுவில் ஒரு பகுதிதான் விண்மீன்களாகிறது. மீதியை ஏதோ ஒன்று தடுக்கிறது. இருப்பினும் பாகுத்தன்மை பற்றிய உங்கள் மறுப்பு நியாயமானது. கருந்துளையே சூடேற்றுகிறது என்பதில் நான் நிற்கிறேன். ஒலியே அதைப் பரப்புகிறது என்று சொன்னதை மட்டும் விலக்கிக்கொள்கிறேன்.