ட்ரெமோலோ கிட்டாரில் தாழ்ந்த ஆக்‌ஷன்: பிரிட்ஜ் மிதக்கலாமா, படுக்கவேண்டுமா?

ஆறுதந்தி: என்னுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டார். ஆறு திருகு ட்ரெமோலோ (தந்திகளை உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜை ஒரு கம்பியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு), ஃப்ரெட்போர்டின் (விரல் பதிக்கும் பலகையின்) வளைவு ஆரம் 7.25 அங்குலம். ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் தந்தி நிற்கும் உயரத்தை, 17ஆவது ஃப்ரெட்டில் எல்லாத் தந்திகளுக்கும் 1.2 மி.மீ.க்கு இறக்கியிருக்கிறேன். விரலுக்குச் சுகம்தான். ஆனால் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் முதல் தந்தியை வளைத்தால் ஒலி செத்துவிடுகிறது. பிரிட்ஜின் பின்பக்கம் உடலில் படாமல் தூக்கி, மிதந்து நிற்கிறது. அதைப் படுக்கவைத்தால் சரியாகுமா?

மரத்தூள்: கட்டாயம் படுக்கவையுங்கள் தம்பி. பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் மாட்டிய தகட்டில் இரண்டு நீளத் திருகுகள் இருக்கும். பிரிட்ஜ் உடலோடு ஒட்டும்வரை அவற்றை முடுக்குங்கள். மிதக்கும் பிரிட்ஜில் தடித்த தந்தி மாட்டினாலே போதும், பின்பக்கம் எழும்பி ஆக்‌ஷனும் ஏறிவிடும். பெரிய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனே மரக்கட்டை செருகி ட்ரெமோலோவை அசையாமல் நிறுத்தியவர்.

மிதவை: ஐயா வேறு நோய்க்கு மருந்து சொல்கிறார். ஒலி சாவதற்குக் காரணம் அந்த 7.25 ஆரம். வளைக்கும்போது தந்தி ஃப்ரெட்போர்டின் மேட்டை நோக்கி ஏறி, மேல் ஃப்ரெட்டுகளில் உரசுகிறது. பிரிட்ஜைப் படுக்கவைத்தாலும் 1.2 மி.மீ.யில் அது நடக்கும். இந்த ஆரத்துக்கு, ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைப்பதே தடித்த தந்திகளுக்கு 2 மி.மீ., மெல்லியவற்றுக்கு 1.6 மி.மீ. தான். பிரிட்ஜுக்கும் உடலுக்கும் இடையே சுமார் 3.2 மி.மீ. இடைவெளியையும் அவர்களே சொல்கிறார்கள். கட்டையைச் செருகிவிட்டு ட்ரெமோலோ கிட்டார் எதற்கு? ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் மிதக்கவிட்டுத்தானே வாசித்தார்!

மரத்தூள்: ஜெஃப் பெக்கின் கை உங்களுக்கு இருந்தால் மிதக்கவிடுங்கள். ட்ரெமோலோ கம்பியை மேலே இழுத்தால் பிரிட்ஜின் பின்பக்கம் தாழும், சேடில்களும் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு தாங்கிகள்) தாழும். ஏற்கெனவே தாழ்ந்த தந்தி ஃப்ரெட்டில் படுத்துவிடும். ஒரு தந்தியை வளைத்தால் மற்றவை சுருதி இறங்குவதும் இந்த மிதப்பால்தான்.

மிதவை: அதற்காகத்தான் 1.2 வேண்டாம் என்கிறேன். வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, 8ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி சுமார் 0.3 மி.மீ. வரும்படி டிரஸ் ராடை (நெக் எனும் கழுத்தின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியை) திருப்ப வேண்டும். அடுத்து ஸ்பிரிங் தகடு, பிரிட்ஜ் சமநிலை. சேடில்களை அதன் பிறகே தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி சுருதி சேர்க்காவிட்டால் அளவுகள் எல்லாம் பொய். சேடிலை முன்பே இறக்கிவிட்டுப் பிரிட்ஜைச் சாய்ப்பவர்கள்தான் நாள் முழுவதும் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மரத்தூள்: வரிசையில் எனக்குத் தகராறில்லை. தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தந்தி தாழ்ந்தால் நெக் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தடித்த தந்திகளை இழுத்து, சுருதி அலைவதுபோலக் கேட்கும். சேடில் திருகுகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்தினால், நெக் பொருந்தும் குழியில் மெல்லிய தகடு வைக்க வேண்டும்.

ஆறுதந்தி: முதல் தந்தியை 1.6க்கு ஏற்றினேன், வளைத்தாலும் ஒலி நிற்கிறது. கம்பியை மேலே இழுக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் மிதப்பு இருக்கட்டும். மேல் ஃப்ரெட்டுகளைச் சற்றுத் தேய்த்து ஆரத்தைத் தட்டையாக்கினால் 1.2க்குப் போகலாமா?

மிதவை: போகலாம். ஆனால் தேய்த்த ஃப்ரெட்டைத் திரும்ப வளர்க்க முடியாது. தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

மரத்தூள்: இதில் மட்டும் மிதவையோடு உடன்படுகிறேன்.