கேன்ட் சார்ட்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு ஆய்வுத் திட்டம் எது?

நெறியாளர்:
என் மாணவி ஒருவரின் கேன்ட் சார்ட், அதாவது ஒவ்வொரு வேலையின் காலத்தையும் பட்டையாகக் காட்டும் அட்டவணை. எக்செல்லில் வாரத்துக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒரு வரி, நிறம் அடித்த சார்ட். நெறிமுறைக் குழு அனுமதிக்கு 2 வாரம், ஒட்டியே தரவு சேகரிப்பு. பங்கேற்பாளர்களின் ஒப்புதல் படிவத்தைத் திருத்தச் சொல்லிக் குழு திருப்பி அனுப்பியது. மாணவி அனுமதிப் பட்டையை மட்டும் 6 வாரமாக நீட்டினார். சேகரிப்புப் பட்டை அசையவே இல்லை. அனுமதி கிடைக்கும் முன்பே கேள்வித்தாள் ஆட்கள் கையில் இருப்பதாகத் திரையில் தெரிந்தது! நிறத்துக்கு எது எதை நம்பி நிற்கிறது என்று தெரியாது. தொடக்கத் தேதியைக் கையால் அடிக்காமல், முந்தைய வேலையின் முடிவு கூட்டல் 1 என்று சூத்திரம் போடுங்கள்.

எக்செல் பிரியன்:
சார், வெறும் கூட்டல் 1 போட்டால் வேலை சனிக்கிழமையில் போய் விழும். வார இறுதியைத் தாண்டி வேலை நாட்களை மட்டும் எண்ணும் வொர்க்டே (WORKDAY) சூத்திரம்தான் சரி. விடுமுறை, தேர்வு நாட்களைத் தனிப் பட்டியலாக வைத்து அதில் இணைத்துவிடுங்கள். முடிவுத் தேதிக்கும் அதே சூத்திரம். நாட்களில் 1 கழித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வேலையும் ஒரு நாள் கூடுதலாக ஓடும்.

ஆய்வுக்கூடம்:
சூத்திரம் இருக்கட்டும், பட்டையை நீட்டியதே தப்பு. அப்படித் தள்ளித் தள்ளி வந்த ஒரு சார்ட்டைப் பார்த்து, "முதலில் எப்போது முடிப்பதாக இருந்தது?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார். குழுவில் யாராலும் சொல்ல முடியவில்லை. சார்ட்டின்படி எதுவுமே தாமதமாகவில்லை!

தொடக்கம், முடிவு என்று திட்டத் தேதிக்கு 2 பத்தி (column), நடந்த தேதிக்கு 2 பத்தி எனத் தனித்தனியாக வையுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிய நாளில் திட்டப் பத்திகளைப் பூட்டிவிடுங்கள். கேன்ட்புராஜெக்ட் மென்பொருளில் இதற்கு பேஸ்லைன், அதாவது முதல் திட்டத்தைச் சேமித்து ஒப்பிடும் வசதியே உண்டு.

இன்னொன்று, சதவீதம். "இலக்கிய மீளாய்வு 90%" என்று வாரக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் எது முடிந்தால் 100 என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தேடல் சொற்கள், தேர்ந்த கட்டுரைகளின் அட்டவணை, வரைவு என்று கையில் காட்டக்கூடிய 3 வரிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 100 மட்டும் போடுங்கள். வழிகாட்டி வரைவைப் படித்துத் தரும் நாட்களுக்கும் தனி வரி வேண்டும். அது மாணவரின் வேலை இல்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் அங்கேதான் தேங்குகிறது. ஒவ்வொரு வேலையிலும் 2 நாள் ஒளித்து வைக்காதீர்கள். மொத்த உபரி நாட்களையும் சமர்ப்பிப்புக்கு முன் ஒரே பட்டையாகப் போடுங்கள். அதில் எவ்வளவு கரைந்தது என்று வாராவாரம் பார்க்கலாம்.

நெறியாளர்:
பட்டையை நீட்டாமல் நடப்பைக் காட்ட முடியாது. பூட்ட வேண்டியது பழைய தேதியை. அதில் நமக்குள் சண்டை இல்லை.